டெஸ்கன்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் சபையின் கொயர் (பாடகர் குழு) ஒத்திகைகளில் காதில் விழுகிற சொல் டெஸ்கன்ட். "இந்தச் சரணத்துல சோப்ரானோ டெஸ்கன்ட் எடுங்க" என்பார்கள், நாங்களும் எடுப்போம். அது என்ன என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டால் "மேல பாடுறது" என்று பதில் வரும். தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில்தான்.

சபையார் எல்லோரும் பாட்டின் வழக்கமான மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேலே சோப்ரானோ என்ற உச்சக் குரல்கள் மட்டும் பாடும் தனி மெட்டுக்குத்தான் டெஸ்கன்ட் என்று பெயர். இதில் "தனி" என்பதைக் கவனிக்க வேண்டும். கொயரின் மற்றக் குரல்களான ஆல்ட்டோ, டெனர், பேஸ் மெட்டுக்குக் கீழே நின்று அதைத் தாங்குகின்றன. டெஸ்கன்டுக்கு அந்த வேலை இல்லை. அது தன் போக்கில் ஏறி இறங்கும், சில இடங்களில் மெட்டு நகரும்போது ஒரே சுரத்தில் நிற்கும், சில இடங்களில் சொற்களையே மாற்றிப் பாடும். ஆனாலும் ஒவ்வொரு அடியிலும் கீழே உள்ள மெட்டோடு இசைந்துதான் போகும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. டிஸ் என்றால் விலகி, கான்டுஸ் என்றால் பாட்டு, ஆக டிஸ்கான்டுஸ் என்பது விலகிப் போகும் பாட்டு. 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தை ஒட்டி வளர்ந்த இசையில் கீழ்க்குரல் பழைய வழிபாட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் (பிடித்திருத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்துதான் டெனர் என்ற பெயரும் வந்தது), மேற்குரல் சுரத்துக்குச் சுரம் அதற்கு ஈடு கொடுத்துக்கொண்டே தன் வழியில் போகும். பிறகு இந்தச் சொல் மேலே நிற்கும் எந்தக் குரலுக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தை விரித்துப் பேசுவதற்கும் இதே சொல்லை வினையாகச் சொல்வதுண்டு. ஞானப்பாட்டின் ஒரு சரணத்தில் மட்டும் சேர்க்கும் மேல் மெட்டு என்ற இன்றைய பொருள் இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

அந்தப் பொருளை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரும் பங்கு ஆங்கிலேய கொயர் இயக்குநரும் இசையமைப்பாளருமான டேவிட் வில்காக்ஸுக்கு உண்டு. 1919இல் கார்ன்வாலில் நியூக்வே ஊரில் பிறந்தவர், சிறுவனாக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பாடகர் குழுவில் பாடியவர், அப்புறம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு ஆர்கன் (ஆலயங்களில் வாசிக்கும் பெரிய குழாய் இசைக்கருவி) மாணவராகப் போனார். படிப்பின் நடுவே போர் வந்தது. 1944இல் நார்மண்டியில் ஹில் 112 என்ற குன்றுக்காக நடந்த கடும் சண்டையில் காட்டிய துணிவுக்கு அவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய கேரல் (கிறிஸ்துமஸ் பாட்டு) அமைப்புகளை நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன். போருக்குப் பின் சால்ஸ்பரி, வூஸ்டர் பேராலயங்களில் ஆர்கன் கலைஞராக இருந்துவிட்டு, 1957இல் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் இசைப் பொறுப்பை ஏற்று 1974 வரை நடத்தினார். 1960 முதல் 1998 வரை லண்டன் பாக் கொயரின் இசை இயக்குநர் பொறுப்பு, 1974 முதல் 1984 வரை ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் இயக்குநர் பதவி, 1977இல் சர் பட்டம். 2015இல் 95 வயதில் காலமானார்.

இத்தனை பதவிகளையும் தாண்டி அவரை நம் ஊர் கொயர்கள்வரை கொண்டுவந்தது பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம். ரெஜினால்ட் ஜாக்குவிஸோடு சேர்ந்து அவர் தொகுத்து 1961இல் ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் வெளியிட்ட 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' முதல் தொகுதி. தமிழ்ச் சபைகள் 'பக்தரே வாரும்' என்று பாடுகிற அந்த மெட்டுக்கு வில்காக்ஸ் செய்ததைப் பாருங்கள். முதல் ஐந்து சரணங்களில் பழகிய இசைதான். தேவதூதர்களைப் பாடச் சொல்லும் ஆறாவது சரணத்தில்தான் டெஸ்கன்ட் எழும்புகிறது. அதாவது, தூதர்களை அழைக்கும் சொற்களைச் சபை பாடும்போதே மேலே அவர்கள் பாடுவதும் கேட்கிறது! ஏழாவது சரணத்தில் டெஸ்கன்ட் கிடையாது, எல்லோரும் ஒரே குரலில் மெட்டைப் பாட, ஆர்கன் மட்டும் அடியில் ஸ்வரக்கட்டுகளை (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மாற்றிவிடுகிறது. எங்கே சேர்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது. அதைவிட எனக்குப் பிடித்தது, சபையின் மெட்டில் அவர் கை வைக்கவே இல்லை என்பது. கடைசி பெஞ்சில் இருக்கிற பாட்டியும் தனக்குத் தெரிந்தபடியே பாடலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? துணைப்பாட்டு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சம்மதமில்லை, துணை என்றதும் பிரதான பாடகருக்குப் பின்னால் நின்று உதவுவதுதான் நினைவுக்கு வரும், பின்பாட்டு என்ற சொல்லும் அந்த வேலைக்கே போய்விட்டது. எதிர்ப்பாட்டு என்றால் போட்டிப் பாட்டு ஆகிவிடும். பழந்தமிழ் இசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தாயிகள் (ஸ்தாயிகள், அதாவது சுர உயர நிலைகள்) உண்டு, அதில் வலிவு மேல்தாயி, ஆகவே வலிவுப்பாட்டு எனலாமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் உயரம் மட்டும் டெஸ்கன்ட் ஆகாது. அதே மெட்டை மேல்தாயியில் பாடினால் அது டெஸ்கன்ட் இல்லை.

அதனால் நான் மேல்மெட்டு என்றே எழுதுகிறேன். மேலே நிற்பதும் தெரிகிறது, தனி மெட்டு என்பதும் தெரிகிறது, ஒத்திகையில் சட்டென்று சொல்லவும் வருகிறது. "ஆறாம் சரணம், மேல்மெட்டு" என்று பாட்டுத்தாளில் குறித்தால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வில்காக்ஸ் மேல்மெட்டு அமைத்தார் என்று எழுதினாலும் உறுத்தவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம்: டெஸ்கன்ட் ரெக்கார்டர் என்பது ஒரு குழல், அங்கே அந்தச் சொல் கருவியின் குரல் உயரத்தைத்தான் குறிக்கிறது, அதை உச்சக்குரல் ரெக்கார்டர் என்றுதான் எழுத வேண்டும்.