கார்பைனைத் திட்டுவதற்கு முன் மேகசினை மாற்றிப் பாருங்கள்

போன சனிக்கிழமை என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்தது இந்த வருஷத்தில் ஏழாவது கார்பைன். கொண்டுவந்த தம்பிக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், இங்கே ஒஹையோவில் மென்பொருள் வேலை, வார இறுதியில் சுடுதளம். பழைய எம்1 கார்பைன் ஒன்றை, அதாவது அமெரிக்க ராணுவத்தின் குட்டையான, லேசான ரைஃபிளை, ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். மேசையில் வைத்த கையோடு ஆரம்பித்தார்.

"அண்ணா, இது ராசியில்லாத துப்பாக்கி. நாலு ரவுண்டுக்கு ஒரு தடவை சிக்குது. நூறு கஜத்துல தாள்லயே படமாட்டேங்குது. வித்துடலாமா?"

நான் துப்பாக்கியைத் தொடவில்லை. தோட்டா அடுக்கி மாட்டும் பெட்டி, அதாவது மேகசின், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றே ஒன்று. முப்பது தோட்டா பிடிப்பது, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. சுட்டதும் பின்னால் போகும் பாகங்களைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றினீர்களா என்றேன். "மாத்தல அண்ணா, கையால இழுத்து நீட்டி விட்டேன். வீடியோவுல அப்படித்தான் சொன்னாங்க."

ஏழு பேரில் ஐந்து பேர் சொன்ன கதை இதுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இது எதற்குப் பிறந்த துப்பாக்கி என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1941-இல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றது. முன்வரிசைக் காலாட்படைக்காக அல்ல. ஓட்டுநர், சமையல்காரர், மோர்ட்டார் குழு, அதிகாரி போன்றவர்களுக்காக. அவர்கள் இடுப்பில் இருந்த பிஸ்டலைவிட உருப்படியான ஒன்று வேண்டியிருந்தது, ஆனால் காலாட்படையின் 4.3 கிலோ கேரண்ட் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு மற்ற வேலை பார்க்க முடியாது. கார்பைன் ஏறத்தாழ 2.4 கிலோ. 1942 முதல் 1945 வரை 60 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். செய்தவர்களில் வின்செஸ்டர் உண்டு, ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு உண்டு, ஐபிஎம் உண்டு, டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட்டும் ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலாவும் உண்டு. டைப்ரைட்டர் கம்பெனித் துப்பாக்கிதானே என்று சிரிக்க வேண்டாம். ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எண்பது வருஷம் கழித்தும் என் பட்டறையில் பொருந்துகிறது.

இனி என் பொறுமையைச் சோதிக்கும் விஷயம். "கொரியப் போரில் சீனச் சிப்பாய்கள் போட்டிருந்த, பனியில் உறைந்த பஞ்சுக் கோட்டுகளைக்கூட இந்தக் குண்டு துளைக்கவில்லையாமே?" மாதம் ஒருவராவது கேட்கிறார். கேள்வியாகக் கேட்டாலும் பரவாயில்லை, தீர்ப்பாகச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்பைன் குண்டின் எடை 110 கிரெய்ன், அதாவது ஏழு கிராம். குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 600 மீட்டர் வேகம். ஆற்றல் ஏறத்தாழ 1,300 ஜூல். நூறு கஜத்தில் 800 ஜூல் மிச்சம் இருக்கும், இருநூறு கஜத்தில் 500. அந்தக் காலத்து .45 பிஸ்டல் குண்டு குழலின் வாயிலேயே 480 ஜூல்தான் வைத்திருக்கிறது. பஞ்சுக் கோட்டு .45 குண்டை நிறுத்தியது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இருநூறு கஜம் தள்ளியும் அதைவிடச் சற்றுக் கூடுதலான ஆற்றலோடு, அதைவிட மெலிந்த, அதைவிட வேகமான குண்டு போகிறது. அதைத் துணியும் பஞ்சும் பனியும் தடுத்துவிடும் என்றால் ராணுவங்கள் இரும்புக் கவசம் செய்து காசை வீணாக்கியிருக்காது.

அப்படியானால் அப்படிச் சொன்ன அமெரிக்கச் சிப்பாய்கள் பொய் சொன்னார்களா? இல்லை. 1950 கடைசியில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போனது. எண்ணெய் பசையாகி, தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட் மந்தமானது. இருட்டில், பதற்றத்தில், கை மரத்த நிலையில் சுட்டார்கள். பலர் கையில் இருந்தது தானாகத் தொடர்ந்து சுடும் எம்2 வகை. அதில் முதல் குண்டுக்குப் பிறகு மற்றவை எங்கே போகின்றன என்பது சுட்டவருக்கே தெரியாது. எதிரில் ஆள் விழவில்லை என்றால், பெரும்பாலும் குண்டு படவில்லை. பட்டிருந்தாலும் சினிமாவில் போல உடனே சுருண்டு விழ வேண்டும் என்று உடலுக்குச் சட்டம் கிடையாது. "சுட்டேன், அவன் வந்துகொண்டே இருந்தான்" என்பது உண்மையான சாட்சியம். "கோட்டு தடுத்தது" என்பது அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட விளக்கம். கேரண்ட் ரைஃபிளின் 3,600 ஜூலோடு ஒப்பிட்டு இது பலம் குறைந்தது என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். துணியைத் துளைக்காது என்றால் தயவுசெய்து வேறு கடைக்குப் போங்கள்.

குறி தவறும் புகாருக்கு வருவோம். நல்ல நிலையில் உள்ள ராணுவக் கார்பைன் நூறு கஜத்தில் நான்கு அங்குல வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளைப் போட்டால் எனக்குத் திருப்தி. மூன்றுக்குள் போட்டால் சொந்தக்காரரை அழைத்துக் கைகுலுக்குவேன். ஒரு அங்குலம் கேட்பவர்கள் வேறு துப்பாக்கி வாங்க வேண்டும். தூரமும் அப்படித்தான். நூறு கஜத்துக்குக் குறி அமைத்தால் இருநூறில் குண்டு ஒரு அடிக்கு மேல் இறங்கும், முந்நூறில் ஏறத்தாழ நான்கு அடி. பின்குறியில் 300 என்று எண் பொறித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே ஒஹையோவின் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில் நடக்கும் கார்பைன் போட்டியையே நூறு கஜத்தில்தான் வைக்கிறார்கள்.

பத்து, பன்னிரண்டு அங்குலம் சிதறினால் அது நோய். பெரும்பாலும் குழலில் இல்லை, மரத்தில் இருக்கும். ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்பு உடலின்) வால் பகுதி, மரக்கட்டைக்குள் இருக்கும் ரீகாயில் பிளேட் என்ற உலோகத் தகட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். முன் வளையத்தைக் கழற்றினால் குழல் மரத்திலிருந்து லேசாக எழும்பி நிற்க வேண்டும். வளையம்தான் அதைக் கீழே இழுத்து இறுக்கிப் பிடிக்கிறது. பிளேட் திருகு தளர்ந்து வருகிறது, அல்லது எண்ணெய் குடித்துக் கட்டை மெத்தென்று ஆகியிருக்கிறது. அதைச் சரிசெய்தாலே பாதிச் சிதறல் போய்விடும். சேகரிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: "ஒரிஜினல்" ஆக்க வேண்டும் என்று பிற்கால அகல வளையத்தைக் கழற்றிவிட்டு ஆரம்பகால ஒல்லி வளையத்தை மாட்டுகிறீர்கள். அலமாரிக்கு அழகுதான், ஆனால் அதற்குப் பிறகு குறி தவறுகிறது என்று என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று, குழலின் வாய். இதைப் பின்பக்கமாகச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால் எல்லோரும் வாய்ப்பக்கமாகக் கம்பியை விடுகிறார்கள். பல வருஷம் இரும்புக் கம்பி உரசி உரசி, வாய் ஒரு பக்கம் தேய்ந்து நிற்கும் குழல்களை அடிக்கடி பார்க்கிறேன். சுட்டுத் தேய்ந்த குழலைவிடத் துடைத்துத் தேய்ந்த குழல்தான் அதிகம். கம்பிக்கு ஒரு பித்தளை வழிகாட்டி போடுங்கள். சில டாலர்தான்.

சிக்கும் புகாரில் முதல் குற்றவாளி மேகசின். நல்ல பதினைந்து தோட்டா மேகசின் இரண்டு வாங்குங்கள். முப்பது தோட்டா மேகசினைத் தாங்க எம்2 வகைக் கொக்கி வேண்டும். பழைய கொக்கியில் மாட்டினால் கனத்தில் சற்றுத் தொங்கும், தோட்டா மேலே ஏறாது. இரண்டாவது ஸ்பிரிங். புதிது பத்தேகால் அங்குல நீளம் இருக்கும். குறுகியிருந்தால் மாற்றுங்கள், இழுக்காதீர்கள். இழுத்த ஸ்பிரிங் அன்று மாலையே பழைய நீளத்துக்குப் போய்விடும், கூடவே பலமும் குறைந்திருக்கும். போல்ட்டின் காதுகளுக்கும், போல்ட்டை இயக்கும் ஸ்லைடின் உள்வளைவுக்கும் துளி கிரீஸ் போதும். பனிக்காலத்தில் வெளியே சுடுவதாக இருந்தால் மெல்லிய எண்ணெய்.

சுடும்போது வரும் வாயுவால் நகர்ந்து ஸ்லைடைத் தள்ளும் கேஸ் பிஸ்டனைத் தொடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்லைடைக் கழற்றிவிட்டுக் குழலை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். "டிக், டிக்" என்று பிஸ்டன் நகரும் ஓசை கேட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதன் நட்டுக்குத் தனிச் சாவி உண்டு. ஒரு பெரியவர் பைப் ரெஞ்சு போட்டுத் திருகி அந்த இடத்தையே சிதைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி. அவரிடம் நான் குரலை உயர்த்தவில்லை.

அமெரிக்க ராணுவக் கார்பைன் தோட்டா ஆரம்பத்திலிருந்தே துருப்பிடிக்க வைக்காத பிரைமரோடுதான் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வந்தது. அதனால்தான் பிஸ்டனைக் கழற்றத் தேவையே வராது. எல்.சி. 52 முத்திரையோடு சீனாவில் செய்யப்பட்ட தோட்டாக்களில் துருவேற்றும் பிரைமர் உண்டு. சந்தேகமான பழைய பெட்டி கிடைத்தால் சுடாமல் வையுங்கள். எம்2 பாகங்களைப் போட்டுத் தொடர்ந்து சுட வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சிறை. அடுத்த கேள்வி?

சேஃப்டி விஷயம் ஒன்று. பழைய கார்பைன்களில், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி ஓர் அழுத்து பொத்தான். பக்கத்திலேயே மேகசின் கொக்கி, அதுவும் பொத்தான்தான். அவசரத்தில் சேஃப்டிக்குப் பதில் மேகசினைக் கீழே போட்ட சிப்பாய்கள் ஏராளம். அதனால்தான் பிறகு சேஃப்டியைச் சுழலும் நெம்புகோலாக மாற்றினார்கள். உங்களுடையது எந்த வகை என்று விரலுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கோவைத் தம்பியின் துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் போட்டேன், பிளேட் திருகை இறுக்கினேன், என் மேகசினைக் கொடுத்தேன். அறுபது ரவுண்டில் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. நூறு கஜத்தில் நாலரை அங்குலம். விற்கவில்லை.

நீங்களும் கொண்டுவருவதாக இருந்தால் மேகசின்களையும் சுட்ட தோட்டாப் பெட்டியையும் கொண்டுவாருங்கள். துப்பாக்கியை மட்டும் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பதினைந்து தோட்டா மேகசின் தீர்ந்தாலும் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். மூடியிருப்பதைப் பார்த்துக் காலி என்று நினைக்காதீர்கள். மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டை இழுத்து, அறைக்குள் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் காரில் ஏற்றுங்கள்.