ரேடியேட்டரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூள்

பர்லியாற்றில் ஜீப்பை நிறுத்தி, ஒழுகிக்கொண்டிருந்த ரேடியேட்டரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டாராம் டிரைவர். குன்னூர் போய்ச் சேரும்வரை பிறகு ஒழுகவே இல்லையாம். இது நிஜமா, கண்கட்டு வித்தையா என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "மஞ்சள் மங்களகரமான பொருள், அதனால்தான்" என்று டிரைவர் அண்ணன் விளக்கமும் தந்தாராம்.

நிஜம்தான். விளக்கம்தான் உதைக்கிறது. மங்களம் ஓட்டையை அடைக்குமென்றால் திருநீறும் அடைக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், ரேடியேட்டரின் அடியில் சேறாகப் படியும்.

மேட்டுப்பாளையம்வரை ஒழுங்காக ஓடிய வண்டி கல்லாறு தாண்டியதும் ஏன் கொதிக்கிறது என்பது பாதி தெரிந்த கதை. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது எஞ்சின் கக்கும் வெப்பம் அதிகம், முகப்பில் மோதும் காற்று குறைவு. மீதிப் பாதி ரேடியேட்டர் மூடியில் இருக்கிறது. அது சுருள்வில் பொருத்திய ஒரு வால்வு. குக்கரில் வெயிட் செய்யும் வேலையைச் செய்கிறது. வெளிக்காற்றைவிட 0.9 பார் (கடல் மட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு) அழுத்தம் கூடும்வரை திறக்காத மூடி என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் உள்ளிருக்கும் வெறும் தண்ணீர் சுமார் 119 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே மூடிக்குச் சுமார் 115 டிகிரி. அதுவே தாராளம்.

குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்தால் இந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. அழுத்தம் நிற்காது. உதகையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான எஞ்சின்களில், சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறப்பதே 80-லிருந்து 90 டிகிரிக்குள்தான். ஆக, ஒழுகிப்போகும் தண்ணீரைவிட ஓடிப்போகும் அழுத்தம்தான் பெரிய நஷ்டம். தண்ணீரை ஓடையில் பிடித்து ஊற்றிக்கொள்ளலாம், அழுத்தத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

இனி மஞ்சளுக்கு வருவோம். தூள் தண்ணீரோடு சேர்ந்து ரேடியேட்டர் முழுக்கச் சுற்றுகிறது. ஓட்டை எங்கே என்று அதற்கு யாரும் காட்ட வேண்டாம். வெளியே பீய்ச்சும் தண்ணீரே பக்கத்தில் வரும் துகளை இழுத்துக்கொண்டு போகிறது. துகள் ஓட்டையைவிடச் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று ஒரே நேரத்தில் வாயருகே நெருக்கினால், ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து அங்கேயே நின்றுவிடும். பின்னால் வருபவை அவற்றின்மேல் படியும். விளிம்பில் சூடான நீர் ஆவியாகிப்போக, மிஞ்சிய பசை இறுகும்.

அப்படியானால் அரிசி மாவு போதாதா? போதாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததே அந்தக் காரணம்தான். அரிசி மாவில் இருப்பது வேகாத ஸ்டார்ச். அதன் மணிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. சூடான தண்ணீரில் அவை ஊறி, உப்பி, கடைசியில் உடைந்து கஞ்சியாகிவிடும். கஞ்சி ஓட்டையில் நிற்காது, வழிந்துவிடும். மஞ்சளின் பெரும்பகுதியும் ஸ்டார்ச்தான். ஆனால் அது கடைக்கு வரும் வழி வேறு. ஈரோடு பக்கம் மஞ்சள் பயிரிடுகிறவர்கள் வெட்டிய கிழங்கை வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள். வேகும்போது ஸ்டார்ச் மணிகள் செல்லின் சுவருக்குள் அடைபட்டபடியே உப்பி, ஒன்றாகக் கூழாகிவிடுகின்றன. ஆறும்போது அந்த ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகள் மறுபடி நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. நேற்று வடித்த சோறு விறைப்பதும் இதனால்தான். காய்ந்த விரலி மஞ்சள் உலக்கைக்கே சவால் விடும் அளவுக்குக் கெட்டியாவதற்கு இதில் பங்கு உண்டு. அதை அரைத்த தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் தனித்தனி மணிகள் அதிகம் தெரியாது. செல் சுவரோடு இறுகிய மஞ்சள் கட்டிகள்தான் தெரியும்.

இந்தக் கட்டி வெந்நீரில் மீண்டும் உப்பும். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை வெந்து பின்னிக்கொண்ட சங்கிலிகள் நூறு டிகிரியிலும் முழுதாக அவிழாது. அதனால் கரைந்து ஓடாமல் மெத்தென்ற துகளாகவே நிற்கும். நாரும் தண்ணீரில் கரையாத பிசினும் கூடுதல் பலம். ஒரு டம்ளர் கொதிநீரில் அரிசி மாவையும் இன்னொன்றில் மஞ்சள் தூளையும் கலக்கிப் பாருங்கள்: ஒன்று கெட்டிப்படும், மற்றொன்று உப்பிய வண்டலாக அடியில் தங்கும்.

மஞ்சளின் குடும்பத்தைச் சேர்ந்த இஞ்சிக்கும் இந்தப் பெருமை உண்டு. ரேடியேட்டர் ஒழுகலை நிறுத்த அமெரிக்காவில் விற்கும் மாத்திரைகளில் இஞ்சிக் கிழங்குப் பொடி சேர்ப்பதுண்டு. 1958-ல் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸின் கண்டென்சரில் (நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கருவியில்) கண்டுபிடிக்க முடியாத ஒழுகல் ஏற்பட்டபோது, மாலுமிகள் சாதாரண உடையில் சியாட்டில் நகரக் கடைகளுக்குப் போய், கார் ரேடியேட்டருக்கான ஒழுகல் அடைப்பானை வாங்கிவந்து ஊற்றினார்கள். ஒழுகல் நின்றது. அந்த ஆகஸ்ட் 3-ம் தேதி அந்தக் கப்பல் வடதுருவத்தின் பனிக்கு அடியில் கடந்துபோனது.

நம் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் எதையெதையோ ப்ராஜெக்ட் என்று காசு கொடுத்து வாங்கிக் காட்டுகிறார்கள். ஒரு பழைய ரேடியேட்டர், ஒரு ஹீட்டர், ஒரு பிரஷர் மீட்டர், பலசரக்குக் கடைப் பொடிகள்: எந்தப் பொடி எத்தனை மில்லிமீட்டர் ஓட்டையை எவ்வளவு அழுத்தம்வரை தாங்குகிறது என்று அளக்க இவ்வளவு போதும். ஆராய்ச்சிக்குப் பணமில்லை என்று புலம்புவதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் இதற்குத் தேவை பணமல்ல. புது வண்டியின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கத் தவறாத நாம், பானட்டுக்கு அடியில் நடப்பதைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறோம்.

போட விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் அடிக்கும். தூளைத் தனியே தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு பாக்கெட் முழுவதையும் கொட்டினால் ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களும் அடைபடும். வெடித்த ரப்பர் குழாய்க்கு மஞ்சள் உதவாது. அங்கே பழைய சைக்கிள் ட்யூப்பை நீளமாகக் கிழித்து, இழுத்துப் பிடித்துச் சுற்றுவதுதான் வழி. இப்போதைய கார்களில் ரேடியேட்டரின் தலைப்பகுதி பிளாஸ்டிக். அது விரிசல் விட்டாலும் மஞ்சளை நம்ப வேண்டாம்.

ஊர் சேர்ந்ததும் மெக்கானிக்கிடம் விட்டு முழுவதும் கழுவச் சொல்லி, குளிரில் எளிதில் உறையாத கூலன்ட் திரவத்தை ஊற்றிக்கொள்ளுங்கள். வழியில் ஊற்றிய ஓடைத் தண்ணீரோடு ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் வண்டியை இரவு வெளியில் நிறுத்தினால், உறைபனி அதன் வேலையைக் காட்டக்கூடும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிவடையும். அந்தப் பிளவுக்கு ஈரோட்டு மூட்டையே வந்தாலும் போதாது.