இம்ப்யூனிட்டி: தண்டனை விலக்கா, தண்டனையின்மையா?

செய்தியாளர் பாதுகாப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைத் தமிழாக்க எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும் சொல் ‘இம்ப்யூனிட்டி’. குற்றம் செய்தவர் தண்டனை ஏதும் பெறாமலே காலம் தள்ளும் நிலையைக் குறிப்பது.

லத்தீனில் ‘இம்பூனிட்டாஸ்’. முன்னொட்டு இன்மையைக் குறிக்கும். ‘பொய்னா’ என்றால் தண்டனை. அது கிரேக்கத்தின் ‘பொய்னே’யிலிருந்து வந்தது. அங்கே அதன் பழம்பொருள், கொலையுண்டவரின் உறவினருக்குக் கொலைகாரன் தரப்பு கட்டும் உயிரீட்டுத் தொகை. ஆங்கிலத்தில் வலியைச் சொல்லும் ‘பெயி’னும் இதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் ‘தண்டனை விலக்கு’, ‘தண்டனை விலக்கீடு’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இது பிசகு. வரிவிலக்கு போல, விலக்கு என்பது அதிகாரம் உள்ளவர் முறைப்படி வழங்குவது. வெளிநாட்டுத் தூதருக்கு இருப்பது அப்படிப்பட்டது. அதன் பெயர் ‘இம்யூனிட்டி’, அதாவது சட்டக் காப்புரிமை. நடுவில் ஒரு ‘ப்’ குறைந்தால் பொருளே வேறு. யாழ்ப்பாணத்தில் 2000 அக்டோபர் 19 அன்று தம் வீட்டில் கொல்லப்பட்ட செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் வழக்கில் யாரும் யாருக்கும் விலக்கு எழுதிக் கொடுக்கவில்லை. எவரும் தண்டிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எனவே ‘தண்டனையின்மை’ சரி. தனித்தமிழ் வேண்டுவோர் ‘ஒறுப்பின்மை’ எனலாம்; கொலைக் கொடியோரை அரசன் தண்டிப்பதைக் குறள் 550 ‘வேந்தொறுத்தல்’ என்றே சொல்கிறது. நாளேட்டுக்கு முன்னதே போதும்.

அடுத்த சிக்கல் ‘தண்டனையின்மை விகிதம்’, அதாவது செய்தியாளர் கொலைகளில் வழக்குத் தீராதவற்றின் பங்கு. யார் எண்ணியது என்று சொல்லாமல் இதை எழுதக் கூடாது. யுனெஸ்கோ 2006 முதல் பதிவான செய்தியாளர் கொலைகளை எடுத்துக்கொண்டு, வழக்கு என்னவாயிற்று என்று அந்தந்த அரசைக் கேட்கிறது. பதில் வராத வழக்கும் தீராத வழக்குதான். அதே சமயம், தீர்ப்புக்கு முன் சந்தேக நபர் இறந்துபோனால் ‘தீர்ந்தது’ என்ற கட்டத்தில் விழும்! 2024 அறிக்கையில் விகிதம் 85%. தண்டனையின்மையில் நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியலை நியூயார்க்கிலுள்ள செய்தியாளர் பாதுகாப்புக் குழு 2008இல் தொடங்கியது. அது குறிவைத்துச் செய்த கொலைகளை மட்டும், அதுவும் கடைசி 10 ஆண்டுக்கு, மக்கள்தொகையோடு வகுத்துப் பார்க்கிறது. ஏவியவர் தப்பிக் கூலியாள் மட்டும் மாட்டினாலும் அது ‘பகுதித் தண்டனையின்மை’, தரவரிசையில் சேராது. இரண்டு கணக்கையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால் கிடைப்பது குழப்பம்தான். பத்தாண்டு கடந்த கொலை பட்டியலிலிருந்து தானே உதிர்ந்துவிடும் என்பதால், ஒரு நாடு கீழிறங்கியதை நீதி கிடைத்ததாக வாசிப்பதும் தவறு.

பிலிப்பைன்ஸின் மாகின்டனாவ் வழக்கைப் பாருங்கள். 2009 நவம்பர் 23 அன்று 58 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஊடகத்தார் 32 பேர். 2019 டிசம்பர் 19 அன்று தீர்ப்பு வந்தது, 57 கொலைகளுக்கு மட்டும். 58ஆவது ஆள் ஒரு செய்திப் புகைப்படக்காரர். உடல் அகப்படவில்லை, பல்செட் மட்டும் கிடைத்தது, நீதிமன்றத்துக்கு அது போதவில்லை. தரவுத்தாளில் 32 பெயருக்கும் ‘தீர்ந்தது’ என்று ஒரே கோடு போட்டால் அவரும் அதற்குள் போய்விடுவார். அவருக்குத் தனி வரி வேண்டும்.