சிவப்பா, வெள்ளையா? ஒஃப் லைசன்ஸ் கடைக்காரன் ஒருவனின் பதில்

லண்டனில் ஒஃப் லைசன்ஸ், அதாவது வீட்டுக்குக் கொண்டுபோக மது விற்கும் கடை நடத்தும் தமிழ் ஆக்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். எங்கள் சனம் முந்தி விஸ்கியும் பியரும்தான் வாங்கும். இப்போது வைன் அடுக்கின் முன்னால் நின்று யோசிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். 10 பவுண்ஸுக்குள் எது நல்லது, சிவப்பா வெள்ளையா, எது உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று கேட்பார்கள். முதல் இரண்டு கேள்விக்கும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வேன். மூன்றாவதற்குச் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை.

கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், அநேகமாக உள்ளே சதைக்கு நிறமே இருக்காது. நிறம் முழுக்கத் தோலில்தான். சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவிட்டால் சிவப்பு வைன். முதலே பிழிந்து சாற்றை மட்டும் புளிக்கவிட்டால் வெள்ளை. தோலிலும் விதையிலும் இருந்து நிறத்தோடு டானின் என்ற பொருளும் இறங்கும். அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கும். பிளேன்ரீயில் தேயிலையை அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் குடித்தால் வாய் கயர்க்குமே, அதேதான். வெள்ளை வைனில் இந்தக் கயர்ப்பு மிகக் குறைவு. அங்கே முன்னுக்கு நிற்பது புளிப்பு. ஆகவே ‘எனக்குச் சிவப்புப் பிடிக்காது’ என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பெரும்பாலும் கயர்ப்புத்தான் பிடிக்கவில்லை. ‘வெள்ளை சரிவராது’ என்பவருக்குப் புளிப்பு ஒத்துவருவதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போத்தல் எடுத்துக் கொடுப்பது எனக்கு லேசு.

கயர்ப்பு வேண்டாம் என்பவர்களுக்குச் சிவப்பிலேயே வழி இருக்கிறது. பிரான்ஸின் போஜோலே பகுதியில் கமே திராட்சையில் செய்கிற வைன் மெல்லியது, பழ வாசனை உள்ளது. சிலியின் மெர்லோவும் மென்மைதான். இந்தச் சிலி மெர்லோவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மெர்லோ என்று நட்டு, மெர்லோ என்று விற்ற கொடிகளில் நிறைய உண்மையில் கார்மெனேர் என்ற வேறு திராட்சை என்பதை 1994இல் ஒரு பிரெஞ்சு நிபுணர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதுவரை நாட்டுக்கே தெரியாது. கார்மெனேரில் லேசாகக் குடமிளகாய் வாசனை வரும், சிலருக்கு அது ஆகாது. ஆர்ஜென்டினாவின் மல்பெக் இப்போது எங்கள் ஆண்களின் செல்லப்பிள்ளை. எனக்கென்றால் அது கொஞ்சம் கனதி, இரண்டாவது கிளாஸில் அலுத்துவிடும்.

வெள்ளையில் அதிகம் போவது இத்தாலியின் பினோ கிரிஜியோ. குறை சொல்ல ஒன்றும் இல்லை, புகழவும் ஒன்றும் இல்லை. நியூசிலாந்தின் மார்ல்பரோவில் இருந்து வரும் சோவினியோன் பிளாங்க் நல்ல புளிப்பு, புல் வெட்டின வாசனை. அதே விலைக்குத் தென்னாபிரிக்காவின் செனின் பிளாங்கை எடுத்துப் பாருங்கள் என்பேன். நான் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைத்தான்.

ஒரு வயதான அண்ணையும் அவர் மனைவியும் வழக்கமாகக் கடைக்கு வருவார்கள். அண்ணைக்கு 14.5 சதவீத அல்ககோல் உள்ள கபர்னே சோவினியோன் என்ற சிவப்புத்தான் வேண்டும். “தம்பி, சிவப்புத்தான் இதயத்துக்கு நல்லதெண்டு டொக்டர்மாரே சொல்லுறாங்கள். வெள்ளை பொம்பிளையள் குடிக்கிறது” என்பார். அக்கா சிரித்துக்கொண்டே பினோ கிரிஜியோவைக் கூடையில் வைப்பார். ஒரு பிறந்தநாள் வீட்டில் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகக் குளிரவைத்த போஜோலே ஒரு கோப்பிக் கோப்பையில், செனின் பிளாங்க் இன்னொன்றில். கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொன்னேன். போஜோலேயைக் குடித்துவிட்டு “இது வெள்ளை, எனக்கு வேண்டாம்” என்றார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் அந்தக் கோப்பையையே குடித்து முடித்தார். அக்காவுக்கும் அது பிடித்துப்போனது.

அண்ணையைக் குற்றம் சொல்லக் கூடாது. 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரான்ஸின் போர்தோ நகரில் வைன் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, நிறம் சேர்த்துச் சிவப்பாக்கிய வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களில்தான் விவரித்தார்கள். அதையே தொழிலாகப் படிக்கிறவர்களுக்கே கண் இப்படிச் செய்கிறது. விலைச் சீட்டும் அப்படித்தான். 2008இல் கலிபோர்னியாவில் ஒரே வைனை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 என்று கேட்டதும் அதுதான் ருசி என்றார்கள். மூளைப் படத்திலும் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி அப்போது கூடுதலாக வேலை செய்தது.

சாப்பாட்டுக்கு வருவோம். உறைப்பான ஆட்டிறைச்சிக் கறியோடு 14.5 சதவீதச் சிவப்பைக் குடித்தால் வாய் எரிகிற எரிவு இரண்டு மடங்கு போலத் தெரியும். அல்ககோல் உறைப்பைத் தூக்கிக் காட்டும், டானின் அதற்கு மேல் கசப்பைச் சேர்க்கும். எங்கள் கறிகளுக்கு அல்ககோல் குறைந்த, துளி இனிப்புள்ள வெள்ளை பொருந்தும். ஜெர்மனியின் ரீஸ்லிங்கில் 9, 10 சதவீதத்திலேயே கிடைக்கும். மீனுக்குச் சிவப்பு கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சில சிவப்பு வைன்களில் இரும்புச் சத்து கூடுதலாக இருக்கும், அது கடலுணவோடு சேரும்போதுதான் அந்தக் கெட்ட மீன் வெடுக்கு வாயில் நிற்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். கணவாய்க் கறி சமைக்கிற நாளில் அண்ணை அக்காவின் போத்தலில் பங்கு கேட்பது நல்லது.

சூட்டையும் கவனியுங்கள். சிவப்பை அறைச் சூட்டில் குடி என்று சொன்ன காலத்தில் வீடுகளில் ஹீட்டர் 23 பாகையில் ஓடவில்லை. குடிப்பதற்கு முன் 20 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள், மலிவான சிவப்பு அதிலேயே பாதி திருந்திவிடும். வெள்ளைக்கு எதிர்ப்பக்கம்: ஐஸ் போலக் குளிர்ந்தால் ருசியே தெரியாது.

இப்போது காசு. 7 பவுண்ஸ் போத்தலில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1 பவுண்ஸ் 17 பென்ஸ், வற் வரிக்குப் போகிறது. 2025 பெப்ரவரியில் இருந்து மதுவரியை அல்ககோல் அளவுக்கு ஏற்பக் கணக்கிடுகிறார்கள். 13 சதவீத வைனுக்கு அது ஏறத்தாழ 3 பவுண்ஸ். மிச்சம் 3 பவுண்ஸுக்கும் கீழே. அதற்குள்தான் கண்ணாடிப் போத்தல், மூடி, கப்பல் கூலி, இறக்குமதிக்காரர், பிறகு நான். திராட்சைக்குப் போவது சில்லறை. 10 பவுண்ஸ் போத்தலிலும் மதுவரி அதே தொகைதான், ஆகவே வரி போக மிஞ்சுவது 5 பவுண்ஸுக்கு மேல். 3 பவுண்ஸ் கூடக் கொடுத்தால் வைனுக்கும் மற்றச் செலவுகளுக்கும் போகும் பணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதற்கு மேல் 20, 30 என்று போனால் இந்த அளவு இலாபம் உங்கள் நாக்குக்குக் கிடைக்காது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்குக் கீழ் எல்லையும் உண்டு. அங்கே ஒரு யூனிட்டுக்கு (10 மில்லி சுத்த அல்ககோல்) குறைந்தது 65 பென்ஸ் என்பதால் 13 சதவீதப் போத்தலை 6 பவுண்ஸ் 34 பென்ஸுக்குக் கீழே விற்க முடியாது.

லேபிளில் ‘பிரிட்டனில் போத்தலில் அடைக்கப்பட்டது’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கொள்கலனுக்குள் 24,000 லீட்டர் பிடிக்கும் பெரிய பையில் வைனைக் கொண்டுவந்து இங்கே அடைப்பது சாதாரணம்.

அண்ணையின் இதயத்துக்குத் திரும்புவோம். பிரெஞ்சுக்காரர் கொழுப்பைத் தின்றும் மாரடைப்புக் குறைவு, காரணம் சிவப்பு வைன் என்று 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அங்கே சிவப்பின் விற்பனை எகிறியது. பிறகு அந்த மாதிரி ஆய்வுகளைக் கிண்டிப் பார்த்தபோது ஓட்டைகள் தெரிந்தன. குடிக்காதவர்கள் என்று ஒப்பிட்ட கூட்டத்தில், நோய் வந்து குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அளவாக வைன் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியும் நல்ல சாப்பாடும் உள்ளவர்கள். தோலில் இருந்து வரும் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளைப் பெரிதாகப் பேசுவார்கள், ஆனால் ஒரு லீட்டரில் அது சில மில்லிகிராம்தான். அல்ககோலைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 1988இலேயே சேர்த்துவிட்டார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றது. இதில் சிவப்புக்குச் சலுகை கிடையாது. ருசிக்காக வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், மனமார எடுத்துத் தருவேன். மருந்தாக என்றால் பக்கத்துப் பார்மசிக்குப் போங்கள்.

தலையிடிக்கு, வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டைத் திட்டுபவர்களும் உண்டு. ஐரோப்பிய விதியில் அதன் உச்ச அளவு சிவப்புக்கு லீட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. சல்பைட்தான் காரணம் என்றால் வெள்ளையல்லவா கூட இடிக்க வேண்டும்? ஆனால் ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் உண்மையிலேயே ஒத்துவராது. அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆக்களில் நீரிழிவு அதிகம் என்பதால் இதையும் சொல்கிறேன். இனிப்பில்லாத ‘ட்ரை’ வைனில் சீனி பொதுவாக லீட்டருக்கு 4 கிராமுக்குள். ‘ஸ்மூத்’ என்று விற்கும் மலிவான சிவப்புகள் சிலவற்றில் அதைவிடக் கூட. ஆனால் இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்குப் பெரிய ஆபத்து மறுபக்கத்தில் இருந்து வரும். வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சீனி திடீரென்று இறங்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் குடிவெறி என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கணக்கு இதுதான். 13 சதவீதப் போத்தல் ஒன்று ஏறத்தாழ 10 யூனிட். ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று 2016இல் இங்குள்ள தலைமை மருத்துவ அலுவலர்கள் சொன்னார்கள். அது ஒன்றரைப் போத்தலும் வராது, அதையும் மூன்று நாலு நாளுக்குப் பிரித்து. வீட்டுக் கிளாஸ் பெரியது. 250 மில்லி ஊற்றினால் போத்தலில் மூன்றில் ஒன்று போய்விட்டது. உங்கள் கிளாஸில் வழக்கமாக ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, அளவுச் சாடியில் ஒருக்கால் ஊற்றிப் பாருங்கள்.

மலிவு என்று 2.25 லீட்டர் பெட்டி வாங்குகிறவர்களுக்கு: உள்ளே மூன்று போத்தல் இருக்கிறது, திறந்த பிறகும் பிரிட்ஜில் சில வாரம் கெடாது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பது வெளியே தெரியாது. திறந்த திகதியைப் பெட்டியின் மேல் பேனையால் எழுதிவிடுங்கள்.