கடனுக்குப் போட்ட இன்சூரன்ஸ் வீட்டுக்கு ஆகாது

"வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்க சார். லோன் போட்டப்பவே பேங்க்ல மொத்தமா பிடிச்சுட்டாங்க."

காவிரிக் கரையோர ஊர்களில் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக அலைகிற எனக்கு, இதைக் கேட்டாலே இப்போதெல்லாம் பகீரென்கிறது. போன வாரம் பள்ளிபாளையத்துக்காரர் ஒருவர் ஃபைலை எடுத்துவந்து நீட்டினார். பத்திரமாக பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால், எத்தனையோ பேரிடம் பார்த்த அதே பாலிசி. அவர் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கடன் கொடுக்கும்போது பெரும்பாலும் போட்டுவிடுவது ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கித் தொகையை அடைப்பதற்கானது. குடும்பத்துக்கு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சுவர் ஊறினாலும், கட்டிலும் ஃப்ரிட்ஜும் வீணானாலும் அதில் ஒரு ரூபாய் வராது. கண்டுபிடிப்பது சுலபம். கம்பெனி பெயரில் "லைஃப்" என்று இருக்கும். உங்கள் பிறந்த தேதியும் நாமினி பெயரும் இருக்கும். காப்பீடு எந்தக் கட்டடத்துக்கு, அது எத்தனை சதுர அடி என்று எங்கேயும் இருக்காது. கட்டடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பாலிசி எப்படிக் கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும்?

சில வங்கிகள் கட்டடத்துக்கும் சேர்த்துப் போடுகின்றன. அங்கேயும் பாருங்கள்: கடன் தொகைக்கு மட்டும் போட்டிருக்கிறார்களா, வீட்டுச் சாமான் சேர்ந்திருக்கிறதா, இந்த வருடம் புதுப்பித்தாயிற்றா? கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்தபின் அந்தப் பாலிசி தானாகத் தொடரும் என்று நினைத்து விட்டவர்களும் உண்டு.

அடுத்தது, "நம்ம ஊருக்குக் கடலா இருக்குது, புயலா வருது?" என்கிற பேச்சு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கருங்கல்பாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது காவிரிதானே? 2011 நவம்பரில் திருப்பூரை நொய்யலும் ஓடைகளும் என்ன பாடு படுத்தின? கோவையில் சங்கனூர் பள்ளம் என்கிற ஓடையை ஒட்டி இருப்பவர்களைக் கேளுங்கள். பள்ளத்தில் தண்ணீர் வந்து பல வருடம் ஆச்சு என்று சொல்லித்தான் அதன் ஓரத்திலேயே மனை போட்டு விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

சரி, என்ன எடுக்க வேண்டும்? பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி 2021 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. வீட்டுக் காப்பீடு விற்கும் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் இதைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அப்போது உத்தரவிட்டது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் இதற்குள்ளேயே வருகிறது. நம் ஆட்கள் தடுமாறுவது தொகையில்தான். "சென்ட் பதினஞ்சு லட்சம் போகுதுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி போடுங்க" என்பார்கள். மனை விலை இதில் சேராது. இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும்தான் கணக்கு. ஆயிரம் சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 என்று வைத்தால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேரும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கம் இதில் வராது. வாடகைக்கு இருப்பவர்கள் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். பெரும்பாலும் இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பிரீமியம் சாதாரண வீட்டுக்கு வருடம் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். காருக்கு நாம் இதைவிட அதிகம் கட்டுகிறோம்.

தறி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். முன்னால் வீடு, பின்னால் தறிப்பட்டறை என்று இருந்தால் வீட்டுப் பாலிசி பட்டறைக்குச் செல்லாது. தறி, மோட்டார், பாவு, நூல் எல்லாவற்றுக்கும் சிறு தொழிலுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா வேறு எடுக்க வேண்டும். கூலிக்கு ஓட்டுகிற நூல் உங்களுடையது இல்லை, அடுத்தவர் சரக்கு. அதையும் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டு, நூல்காரருக்குக் கைக்காசு கொடுத்துக் கடனாளியான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும் நம் பெண்கள் முதலில் செய்வது வீட்டைக் கழுவுவது. சேற்றோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது, எனக்கும் புரிகிறது. ஆனால் கழுவுவதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு சேற்றுக்கோடு இருக்கும். அதை ஒவ்வொரு அறையிலும் போட்டோ எடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றிலும் மாடல் நம்பர் ஸ்டிக்கர் தெரிய எடுங்கள். கம்பெனிக்கு அன்றைக்கே போன் செய்து நஷ்டத்தைச் சொல்லி கிளைம் எண் வாங்குங்கள். நனைந்த மெத்தையை வெளியே தள்ளுங்கள், சர்வேயர் பார்க்கும் வரை குப்பை வண்டியில் மட்டும் ஏற்றாதீர்கள். காய்ந்துபோன சுவரையும் காலி அறையையும் காட்டினால் நான் எதை எழுதுவேன்? மனசு கேட்காமல்தான் குறைத்து எழுதிவிட்டு வருகிறேன்.

கிளைம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் கம்பெனிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒப்பாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

இதெல்லாம் அணை நிரம்புவதற்கு முன்னால் செய்கிற வேலை. உபரி நீர் திறந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்யாதீர்கள். தண்ணீர் ஏறத் தொடங்கிய வீட்டுக்கு யாரும் பாலிசி தர மாட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.