நாசிலின் நுனியில் ஒரு துளை

சேலம் கோரிமேட்டிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார்: “என் அப்பா காவல்துறையில் ஓட்டுநர். ரோந்து வாகனத்துக்கு டீசல் போடும்போது, டேங்க் நிறைந்ததும் பங்க் குழாயின் முனையிலுள்ள நாசில் ‘டக்’கென்று தானாக நின்றுவிடுகிறது. நிறைந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?”

அந்த ‘டக்’ அவருடைய அப்பாவின் கணக்குக்கும் ஆதாரம். அரசு வாகனத்தின் லாக் புத்தகத்தில் ஓடிய கிலோமீட்டரையும் போட்ட லிட்டரையும் எழுதியாக வேண்டும். முழுதாக நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுதாக நிரப்பினால், இரண்டாம் முறை ஏறியதுதான் இடையில் எரிந்தது. இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றால்தான் கணக்கு சரியாக வரும். அந்த மட்டத்தை முடிவு செய்வது நாசில்.

அந்த வேலைக்கு அதில் மின்சாரமோ சென்சாரோ கிடையாது. குழாய் மூக்கின் நுனிக்கு அருகே மிளகளவில் ஒரு துளை இருக்கும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று, பெரிய குழாய்க்கு உள்ளேயே கைப்பிடி வரை ஓடுகிறது. கைப்பிடிக்குள் டீசல் ஒரு குறுகலான கழுத்தைக் கடக்கிறது. குறுகிய இடத்தில் திரவத்தின் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அறிவியலாளர் பெர்னூலி 1738இல் எழுதி, இன்னொரு அறிவியலாளர் வெஞ்சுரி 1797இல் குறுகிய குழாய்களில் ஆராய்ந்த விஷயம் இது. அழுத்தம் குறைந்த அந்தக் கழுத்து, மெல்லிய குழாய் வழியாக டேங்கின் காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. காற்று தடையின்றி வரும்வரை எல்லாம் அமைதி.

டீசல் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று நின்றுவிடுகிறது. உறிஞ்சல் மட்டும் நிற்பதில்லை. கைப்பிடிக்குள் இருக்கும் சிறு அறையில் அழுத்தம் சட்டென்று சரிய, அதன் ரப்பர் சவ்வு உள்வாங்கி, வால்வைத் திறந்து பிடித்திருக்கும் கொக்கியை விடுவிக்கிறது. சுருள்வில் வால்வை அறைந்து மூடுகிறது. நம் காதில் ‘டக்’கென்று விழுவது வால்வு மூடும் அந்தச் சத்தம்தான். பாயும் டீசலே தன்னை நிறுத்தும் விசையையும் தருகிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

டீசல் நுரைத்து, நுரை துளையை அடைத்தால் முன்கூட்டியே நின்றுவிடும். மிக மெதுவாகச் சொட்டவிட்டால் போதிய உறிஞ்சல் உருவாகாது. அப்போது வழிந்தும் போகலாம். ‘டக்’ கேட்ட பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வது இதனால்தான் தவறு.

ஆனால் கிலோமீட்டர் மட்டுமே கணக்கு என்று இருந்துவிடக் கூடாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு டன் வாகனத்தை அவ்வளவு தூக்க சுமார் 24 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். உயரத்துக்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டு லிட்டர் போய்விடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைத்துக் கூட்டுவது தனி. இரவில் இன்ஜினை அணைக்காமல் சாலையோரம் நின்று காவல் பார்க்கும் வண்டியோ, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் டீசல் குடிக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் ஒரே மைலேஜ் அளவுகோலை வைத்து ஓட்டுநரைச் சந்தேகிப்பது நியாயமில்லை. ஓடிய தூரத்தோடு இன்ஜின் இயங்கிய நேரத்தையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு ஆசையும் உண்டு. பழுதாகி ஒதுக்கிய நாசில் ஒன்றை நன்றாகக் கழுவி, நீளவாக்கில் அறுத்து, ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் வைக்க வேண்டும். பெரிய நிதி எதுவும் தேவையில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவி கழுத்தையும் சவ்வையும் கொக்கியையும் தன் விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம்.