மழைக்கு முன் வரும் குளிர்காற்று விமானத்தை வீழ்த்துவது எப்படி?

ஐப்பசி மாதத்துப் பின்னேரம். மட்டக்களப்பு வாவியின் மேல் கல்லடிப் பாலத்தில் நிற்கிறீர்கள். புழுக்கம் தாங்கவில்லை. படுவான்கரைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. மழை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் ஒரு குளிர்காற்று வாவித் தண்ணீரைச் சிலிர்க்க வைத்துக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கிறது. அப்பாடா என்றிருக்கும்.

அந்தக் காற்று இடிமுகிலின் வயிற்றிலிருந்து விழுந்தது. மழைத்துளிகள் இறங்கும்போது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வரும். வழியில் கொஞ்சம் ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுக்கும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், இன்னும் வேகமாக இறங்கும். நிலத்தில் மோதியதும், சீமெந்துத் தரையில் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்ததுபோல நாலாபக்கமும் பாயும். இது 4 கிலோமீற்றருக்குள் அடங்கிக் கடுமையாக அடித்தால், அதுதான் மைக்ரோபர்ஸ்ட்.

சரி, மணிக்கு 260 கிலோமீற்றர் வேகத்தில் தரையிறங்க வரும் ஒரு விமானம் இதற்குள் நுழைகிறது. இறக்கைக்குத் தெரிந்ததெல்லாம் தன்மேல் ஓடும் காற்றின் வேகம் மட்டுமே. முதலில் எதிர்க்காற்று 40 என்றால் அந்த வேகம் 300 ஆகும். விமானம் மேலெழும்பும், எஞ்சினைக் குறைக்க விமானிக்குத் தோன்றும். அடுத்து, மேலிருந்து அமுக்கும் காற்று. அதைத் தாண்டினால் அதே 40 பின்னாலிருந்து தள்ளும். 300 ஆக இருந்தது சில வினாடிகளில் 220 ஆகிவிடும், இறக்கை தாங்காது. குறைத்த ஜெட் எஞ்சின் முழு வலுவுக்குத் திரும்பச் சில வினாடிகள் வேண்டும். தரைக்கு அருகே அந்த நேரம் கிடைக்காது. முதலில் உதவிபோல வருவதுதான் இதில் கொடுமை.

1945இல் நாகசாகியில் அணுகுண்டின் அழிவை நேரில் ஆராய்ந்தவர் வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா. அமெரிக்காவில் புயல் அடித்த காடொன்றில் மரங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தபோது, நாகசாகியில் கண்ட கோலம் அவருக்கு நினைவுக்கு வந்தது. 1975இல் நியூயோர்க்கில் 113 பேரைப் பலிகொண்ட விமான விபத்துக்கும் அப்படி விழுந்த காற்றே காரணம் என்றார். பலர் நம்பவில்லை. 1985 ஆகஸ்ட் 2ஆம் திகதி அமெரிக்காவின் டாலஸில் இதே மைக்ரோபர்ஸ்டில் சிக்கி டெல்டா 191 விமானம் விழுந்து 137 பேர் இறந்தார்கள்.

இன்று பெரிய விமான நிலையங்களில் டொப்ளர் ராடார் இருக்கிறது. ரயில் நெருங்கும்போது ஹோர்ன் கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்குமல்லவா? மழைத்துளியில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையும் அப்படித்தான் மாறும். நெருங்கும் துளிகளும் விலகும் துளிகளும் அருகருகே தெரிந்தால் கோபுரத்திலிருந்து எச்சரிக்கை போகும். விமானி இறங்காமல் சுற்றிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் கால் மணித்தியாலத்தில் அந்தக் காற்று ஓய்ந்துவிடும்.